இளவயது மறதி: எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று முதலில் பாருங்கள்

கேள்வி: வயது 24, யாழ்ப்பாணம். திறப்பை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் தினமும் தேடுகிறேன். குசினிக்குள் போய், எதற்கு வந்தேன் என்று முழுசிக்கொண்டு நிற்கிறேன். இரவிரவாகப் படித்தது பரீட்சை மண்டபத்தில் வருகுதில்லை. இந்த வயதில் இப்படி மறதி வருமா? ஞாபகசக்தியைக் கூட்ட என்ன வழி?

பதில்:

மூளை தேய்ந்து வருகிற மறதி இருபதுகளில் மிக அரிது. அந்தப் பயத்தை முதலில் ஒரு பக்கம் வையுங்கள். நீங்கள் கேட்ட மூன்றும் மூன்று வேறு கோளாறுகள். திறப்பு வைத்த இடம் உங்களுக்கு மறக்கவில்லை, அது தலைக்குள் போகவேயில்லை. குசினி விடயம் உள்ளே போனது, நடந்து போகிற வழியில் தவறிவிட்டது. படித்த பாடம் உள்ளேதான் போனது, ஆனால் தங்கவும் விடவில்லை, வெளியே எடுத்தும் பழகவில்லை. மூன்றுக்கும் ஒரே மருந்து கேட்டால் வல்லாரைச் சம்பல் என்றுதான் பதில் வரும். அதைப்பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பருத்தித்துறைப் பக்கம் மேலைப்புலோலியில் பிறந்த கதிரைவேற்பிள்ளையைச் சதாவதானி என்பார்கள். ஒரே இருப்பில் நூறு விடயங்களை நினைவில் வைத்து விடை சொல்லுகிற கலை சதாவதானம். அந்தக் கலைக்குத் தமிழில் வைத்த பெயரில் ஞாபகம் என்ற சொல்லே இல்லை. அவதானம் என்றால் கவனம். நாங்கள் தெருப் பலகையில் எழுதி வைக்கிற அதே அவதானம்தான்.

திறப்புக்கு வருவோம். படலையைத் திறந்து சைக்கிளை உள்ளே தள்ளும்போது போன் அடிக்கிறது. ஒரு கையில் போன், தோளில் பை, மற்றக் கையில் திறப்பு. அந்த நேரத்தில் மனம் பிடித்து வைத்திருக்கக்கூடியது மிகக் கொஞ்சம். 1956இல் ஜோர்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஏழு விடயம் அளவில் என்றார். பிறகு வந்த ஆராய்ச்சியாளர்கள் அதை நாலு அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். போனில் கதைக்கிறவர் அந்த நாலையும் எடுத்துக்கொள்வார். கை தன் பழக்கத்துக்குத் திறப்பை எங்கேயோ வைக்கும், மூளை அதைப் பதிந்து வைக்காது. பதியாத ஒன்றை எந்த நினைவுப் பயிற்சியாலும் திருப்பி எடுக்க முடியாது.

ஆகவே இதை ஞாபகத்திடம் விடாமல் ஓர் ஆணியிடம் விடுங்கள். வாசல் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் கைக்கு எட்டுகிற சுவரில், தோள் உயரத்தில் ஒரு ஆணி. அலுமாரிக்குள் வேண்டாம், மூடியுள்ள பெட்டியும் வேண்டாம். சப்பாத்தைக் கழற்ற முதல், போனைப் பார்க்க முதல், திறப்பு ஆணியில் ஏற வேண்டும். கிழமைக் கணக்கில் விடாமல் செய்தால் கை தானாகவே அங்கே போகும். இது குழம்புவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: "இன்றைக்கு மட்டும் மேசையில் வைப்பம்" என்று இரண்டாவது இடம் ஒன்று உருவாகிவிடும். இரண்டு இடம் இருந்தால் ஆணி அடித்ததும் அடிக்காததும் ஒன்று. கேஸ் பூட்டினேனா, கதவு பூட்டினேனா என்று பாதித் தூரம் போய்த் திரும்பி வருகிறவர்கள் பூட்டும்போதே வாய்விட்டு "கேஸ் பூட்டியாச்சு" என்று சொல்லுங்கள். தினமும் ஒரே மாதிரி நடக்கும் வேலையில் இன்றைக்குச் செய்ததையும் நேற்றுச் செய்ததையும் மூளையால் பிரித்தறிய முடியாது. காதில் விழுந்த சொல் இன்றைய தடவைக்கு ஒரு அடையாளம் போடும்.

குசினி வாசலில் நினைவு தவறுவதற்கு வயது காரணமில்லை. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகும்போது மூளை பழைய காட்சியை மூடிப் புதியதைத் திறக்கிறது. கதவைத் தாண்டியவர்களுக்கு மறதி கூடுவதைப் பரிசோதனைகளிலேயே காட்டியிருக்கிறார்கள். எழும்ப முதல் "கத்தரிக்கோல்" என்று பொருளின் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டு எழும்புங்கள். மறந்துவிட்டால் புறப்பட்ட கதிரைக்கே திரும்பிப் போய்ப் பாருங்கள், சிலவேளை அங்கே ஞாபகம் வரலாம்.

நாளைக்குச் செய்ய வேண்டியதை மறக்கிறது இதற்கு அண்ணன் தம்பி. "நாளைக்குக் கரண்ட் பில் கட்ட வேணும்" என்று நினைத்தால் நாளை முழுவதும் அது எங்கேயும் தொங்காது. "பின்னேரம் வகுப்பு முடிந்து சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது, நேரே பில் கட்டப் போவேன்" என்று, கண்ணால் காணக்கூடிய ஒரு நேரத்தோடு வேலையைக் கட்டுங்கள். அலாரமும் அப்படித்தான். அந்த வேலையைச் செய்யக்கூடிய இடத்தில் நிற்கும் நேரத்துக்கு வைக்க வேண்டும். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு நிற்கும்போது அடித்தால் விரல் அதை அணைத்துவிடும், வேலை அதோடு போய்விடும்.

ஆட்களின் பெயர் மறக்கிறவர்களுக்கு ஒன்று. எங்கள் ஊரில் புதிதாகக் கண்டவரிடம் "நீங்கள் எவடம்? ஆற்றை பிள்ளை?" என்று கேட்கிற வழக்கம் இளம் ஆட்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஞாபகத்துக்கு அதைவிட நல்ல முறை இல்லை. வெறும் பெயருக்குப் பிடிமானம் கிடையாது. ஊர், உறவு, வேலை என்று மூன்று கொழுக்கி விழுந்தால் பெயர் தொங்கி நிற்கும். பெயரைக் கேட்டதும் ஒருதரம் திருப்பிச் சொல்லுங்கள், விடைபெறும்போது இன்னொருதரம்.

வகுப்பில் பலகையைப் போனால் படம் எடுக்கிறதையும் கவனியுங்கள். படம் பத்திரமாக இருக்கும். ஆனால் "போனில் இருக்குத்தானே" என்று மூளை தன் பங்குக்கு விட்டுவிடும். எடுக்கிறதென்றால் எடுங்கள், ஆனால் அன்றிரவே அதைப் பார்க்காமல் ஒரு பக்கம் எழுதிவிட்டு, பிறகு படத்தோடு ஒப்பிடுங்கள்.

இனிப் படிப்பு. எபிங்கவுஸ் என்ற ஜேர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே பாடமாக்கி, தன்னிலேயே மறதியை அளந்து 1885இல் வெளியிட்டார். ஒரு மணித்தியாலத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது, ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே படித்தது மறப்பது உங்களுக்கு மட்டும் வந்த குறை இல்லை. மறக்கத் தொடங்கும் நேரத்தில் அதை வெளியே இழுத்து எடுக்காததுதான் குறை. திரும்பத் திரும்ப வாசிப்பதும் மஞ்சள் பேனையால் கோடு போடுவதும் "எனக்குத் தெரியும்" என்ற உணர்வைத் தரும். தெரிவது வேறு, கண்டால் அடையாளம் பிடிப்பது வேறு. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரே பகுதியை இரண்டாம் தரமும் வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தின் பின் முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமைக்குப் பிறகு அவர்களுக்கு நினைவில் நின்றது 42 வீதம். ஒருதரம் வாசித்துவிட்டுப் பார்க்காமல் எழுதியவர்களுக்கு 56 வீதம். இரவிரவாக வாசித்தது விடியும்போது வருகிற மாதிரி இருந்து, பிறகு கைவிடுவதன் காரணம் இதற்குள் இருக்கிறது.

செய்முறை இதுதான். 20 நிமிடம் வாசியுங்கள். கொப்பியை மூடி வெறும் தாளில் 7 நிமிடம், வந்ததை எல்லாம் ஒழுங்கில்லாமலேனும் எழுதுங்கள். பிறகு கொப்பியைத் திறந்து விட்டதைச் சிவப்புப் பேனையால் சேருங்கள். அடுத்த முறை படிக்கும்போது சிவப்பு மட்டும் போதும். அடுத்த நாள், மூன்றாம் நாள், ஒரு கிழமை, மூன்று கிழமை என்று அதே தலைப்பை வெறும் தாளில் திரும்ப எழுதுங்கள். இரண்டாம் நாள் தாள் பாதி வெறுமையாக இருக்கும், அதைக் கண்டு விடுகிறவர்கள்தான் கூட. மெனக்கெட்டு யோசித்து எடுக்கிற அந்தக் கஷ்டத்தில்தான் பாடம் பதிகிறது.

சிறு சிறு விடயங்களுக்கு அட்டை வெட்டுங்கள். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில், ஓர் அட்டையில் ஒரே விடயம். மூன்று சப்பாத்துப் பெட்டி போதும்: தினமும் பார்ப்பது, மூன்று நாளுக்கொருதரம், கிழமைக்கொருதரம். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், பிழைத்தால் முதல் பெட்டிக்குத் திரும்பும். ஒரு நாளைக்கு 15 புது அட்டைக்கு மேல் போடாதீர்கள். நாற்பது போட்டால் அடுத்த கிழமை திரும்பப் பார்க்க வேண்டிய குவியலைக் கண்டே விட்டுவிடுவீர்கள்.

ஒழுங்குமுறையாக வருகிற விடயங்களுக்குப் பழைய முறையொன்று இருக்கிறது: தெரிந்த வழியில் இடத்துக்கொன்றாக வைத்துக்கொண்டு போவது. காங்கேசன்துறை வீதியில் பஸ்ஸில் போகிறவருக்கு வரிசை மனப்பாடம்: தட்டாதெரு, கொக்குவில், கோண்டாவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம், காங்கேசன்துறை. பத்து இடம். இதயத்தினூடாகக் குருதி ஓடும் பாதையும் பத்துப் படி. தட்டாதெருவில் ஒரு தட்டார் பெரிய காது ஒன்றின் சோணையைக் குத்துகிறார்: வலது சோணையறை. கொக்குவிலில் மூன்று கூரான அலகோடு ஒரு கொக்கு: முக்கூர் வால்வு. கோண்டாவில் டிப்போ ஒரே தள்ளில் பஸ்களை வெளியே தள்ளுகிறது: வலது இதயவறை. இணுவிலில் நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப மூச்சைப் பிடித்து ஊதுகிறார்: சுவாசப்பை நாடி. மருதனார்மடத்தில் நிற்கிற ஆஞ்சநேயர் வாயுவின் மகன்: சுவாசப்பை. மிச்ச ஐந்துக்கு, சுவாசப்பை நாளத்திலிருந்து பெருநாடி வரை, படங்களை நீங்களே கட்டுங்கள். அவரவர் கட்டிய படம்தான் நன்றாக ஒட்டும். படம் சாதாரணமாக இருந்தால் நிற்காது, கொஞ்சம் கோணங்கித்தனம் வேண்டும். ஒரே நாளில் ஒரே வீதியில் இரண்டு பட்டியலை வைத்தால் இரண்டும் மோதும். இரண்டாவதைப் பலாலி வீதியில் வையுங்கள். ஒரு பாட்டின் கடைசிச் சொல்லில் அடுத்த பாட்டுத் தொடங்குகிற அந்தாதியும் நினைவுக்கு உதவுகிற கட்டுத்தான். ஆனால் அதில் ஒரு கண்ணி விட்டால் பின்னால் வருவதெல்லாம் நின்றுவிடும். வீதியில் சுன்னாகம் மறந்தாலும் மல்லாகத்துக்குப் போகலாம்.

இவ்வளவு செய்தும் நித்திரை இல்லையென்றால் பிரயோசனம் இல்லை. பகலில் படித்தது நிலைத்த நினைவாக மாறுவது பெரும்பாலும் ஆழ்ந்த நித்திரையில். பெரியவருக்குக் குறைந்தது 7 மணித்தியாலம் வேண்டும். எங்கள் வீடுகளில் அது இரண்டு பக்கமும் அரிபடுகிறது. லண்டனில் இருக்கிற உறவுகள் வேலை முடிந்து வந்து பின்னேரம் 7 மணிக்கு எடுக்கிற அழைப்பு எங்களுக்கு அவர்களின் கோடையில் இரவு 11.30, குளிர்காலத்தில் 12.30. விடியப்புறம் 4 மணிக்கு "எழும்பிப் படி" என்று அம்மா கதவைத் தட்டுவா. விடியப்புறப் படிப்பு நல்லது, 9 மணிக்குப் படுத்தவருக்கு. அழைப்புகளைச் சனி ஞாயிறுக்கு மாற்றுங்கள். முழிப்புக்கென்று 10 மணிக்குக் குடிக்கிற கோப்பியில் பாதி, 3 மணிக்கும் இரத்தத்தில் நிற்கும்.

வல்லாரையைச் சாப்பிடுங்கள், நல்ல இலைக்கறி. ஆனால் அது ஞாபகத்தைக் கூட்டுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. விலை கூடிய ஞாபகசக்திக் குளுசைகளுக்கும் அதே பதில். குறைபாடு இருந்தால் மட்டும் சாப்பாட்டால் வித்தியாசம் தெரியும். மாதவிடாய் கூடப் போகிற பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துக் குறைந்து களைப்பும் கவனக்குறைவும் வரும். சோறு தின்ற கையோடு தேத்தண்ணி குடிப்பது இரும்பு உறிஞ்சுவதைத் தடுக்கும், ஒரு மணித்தியாலம் பொறுங்கள். சுத்த சைவக்காரர் பால், தயிரும் எடுக்காவிட்டால் பி12 குறையும். முருங்கையிலையில் இரும்பு இருக்கிறது, பி12 இல்லை. ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு தெரிய ஆண்டுகள் எடுக்கும்.

தடிமனுக்கும் கடிக்கும் கடையில் வாங்கிப் போடுகிற குளோர்பெனிரமின், நித்திரைக் குளுசை, மது, கஞ்சா எல்லாம் நினைவைக் கெடுக்கும். மனச்சோர்வும் அப்படித்தான். இரண்டு கிழமைக்கு மேல் எதிலும் விருப்பமில்லாமல் இருந்தால் மறதியைப் பார்க்க முதல் அதைப் பாருங்கள். இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுத்துக் கதைக்கலாம். சிறு வயதிலிருந்தே கொப்பி தொலைப்பது, இருந்து ஒரு வேலையை முடிக்க முடியாதது என்றால் அது கவனக்குறைபாட்டு நிலையாக இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு.

தெரிந்த வழி தடுமாறுவது, கேட்ட கேள்வியையே சிறிது நேரத்தில் திரும்பக் கேட்பது, இடையில் சில நிமிடங்கள் வெறுமையாகிப் போவது, மோட்டார் சைக்கிளில் விழுந்து தலை அடிபட்ட பிறகு தொடங்கிய மறதி, இவற்றில் ஒன்றென்றாலும் தாமதிக்காமல் டொக்டரிடம் போங்கள். விழுந்த பிறகு சத்தியும் தலையிடியும் கூடிக்கொண்டு வந்தால் அன்றைக்கே பெரியாஸ்பத்திரி. மற்றவர்கள் இரண்டு கிழமை ஒரு சிறு கொப்பியில் எழுதிக்கொண்டு போகலாம்: என்ன மறந்தது, முதல் நாள் எத்தனை மணித்தியாலம் நித்திரை, அந்த நேரம் கையில் போன் இருந்ததா, என்ன குளுசை போடுகிறீர்கள். டொக்டர் பெரும்பாலும் முழுக் குருதிப் பரிசோதனை, பெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), தைரொயிட், பி12, சீனி பார்ப்பார். வீட்டில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மறக்கிறேன் என்று நீங்களே சொல்வதைவிட, நீங்கள் மறந்ததே தெரியாமல் இருக்க வீட்டார் கண்டுபிடித்துச் சொல்வதைத்தான் டொக்டர் கூடக் கவனிப்பார்.