தொட்டில் பாட்டுக்குள் கப்பல் வந்த கதை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் கணவருக்குச் சொந்த ஊர் திருவையாற்றுப் பக்கம். நாகஸ்வரத்தில் தோடி ராகம் ஒரு மணி நேரம் ஓடினாலும் அசையாமல் கேட்பார். எனக்குப் பத்து நிமிடத்தில் மனம் வேறெங்கோ போய்விடுகிறது. யாராவது தாலாட்டுப் பாடினால் மட்டும் கைவேலையை நிறுத்திவிட்டு நின்றுவிடுகிறேன். பிறந்த ஊர் காதைக்கூட வளர்க்குமா?
– வாசகி, கோட்டையூர்

பதில்: வளர்க்கும். முப்பத்தைந்து ஆண்டுகள் காரைக்குடியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள் நான், உறுதியாகவே சொல்கிறேன்.

உங்கள் கணவரின் ஊரில் காவிரி ஓடியது, நெல் விளைந்தது, கோயிலுக்கு நிலம் இருந்தது. அந்த வருமானத்தில் நாகஸ்வரக்காரரும் தவில்காரரும் தலைமுறை தலைமுறையாகக் கோயிலை ஒட்டியே வாழ முடிந்தது. சுவாமி புறப்பாடு நான்கு வீதியும் சுற்றி வர இரவு நெடுநேரம் ஆகும். அவ்வளவு நேரத்துக்கும் வாசித்தாக வேண்டும் என்றால் ராகம் நீளாமல் என்ன செய்யும்? தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் பிறந்தது திருவாரூரில். அதை வெறும் தற்செயலாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நம் செட்டிநாட்டுப் பக்கம் ஆறு இல்லை. செம்மண்ணும் சரளையும்தான். மழை பெய்தால் ஊரணி நிறையும், பெய்யாவிட்டால் இல்லை. ஆண்கள் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போனார்கள்; மூன்று ஆண்டுக் கணக்கு முடிந்தபிறகுதான் ஊர் திரும்புவார்கள். அவர்கள் அனுப்பிய பணம் பர்மாத் தேக்கைக் கொண்டுவந்ததுபோலவே தஞ்சாவூர் மேளத்தையும் நம் கல்யாணப் பந்தலுக்குக் கொண்டுவந்தது. காரைக்குடி வீணைச் சகோதரர்கள் இங்கே புகழ் பெற்றார்கள். மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையைச் செங்குத்தாக நிறுத்தி வாசிப்பார். இளையவர் சாம்பசிவ ஐயர் கிடத்தி வாசிப்பார். இதெல்லாம் நமக்குப் பெருமைதான்.

ஆனால் அது விசேஷ நாள் இசை. மற்ற நாட்களில் வீட்டில் கேட்டது பெண்களின் குரல். வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், ஆண்கள் கடலுக்கு அப்பால். பக்கத்து அறைப் பிள்ளை விழித்துவிடக் கூடாது என்பதால் என் ஆயா, அதாவது பாட்டி, தாலாட்டும்போது குரலை உயர்த்தவே மாட்டார்கள். நாலைந்து சுரத்துக்குள்ளேயே பாட்டு சுற்றிச் சுற்றி வரும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவரும் கல் தரையும் அந்தச் சின்னக் குரலை வாங்கி, கொஞ்சம் இழுத்துத் திருப்பித் தரும். மாமன் ஏறிய கப்பல், ரங்கூனிலிருந்து வரப்போகும் சீர், வராத கடிதம் எல்லாம் அந்தப் பாட்டில் உண்டு. பள்ளிக்கூடத்தில் வரைபடம் பார்ப்பதற்கு முன்பே எனக்கு ரங்கூன் தெரியும். துக்க வீட்டில் ஆயா ஒப்பாரி வைத்தபோது, அதே மெட்டின் சாயல் கேட்டு நான் திடுக்கிட்டிருக்கிறேன். நீங்கள் கைவேலையை நிறுத்திவிட்டு நிற்பது இந்தக் குரலுக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். கைபேசியில் நாகஸ்வரம் கேட்க வேண்டாம். அது திறந்த வெளிக்காகப் பிறந்த வாத்தியம். கணவருடன் ஒரு திருவிழாப் புறப்பாட்டுக்குப் போய், ஐம்பது அடி தள்ளி நின்று கேளுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுடைய தாலாட்டை இந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள். என் ஆயாவின் பாட்டில் என்னிடம் மிஞ்சியிருப்பது இரண்டே கண்ணிகள். அந்த வலி இன்னும் ஆறவில்லை.

கேள்வி: என் இளமையில் தேவகோட்டையில் திருச்சி வானொலியைவிட இலங்கை வானொலிதான் தெளிவாகக் கேட்கும். வேறு நாடாயிற்றே, எப்படி?
– வாசகர், தேவகோட்டை

பதில்: உப்புக்கடல் செய்த உபகாரம் அது. மத்திய அலை தரையை ஒட்டிப் போகும்போது வறண்ட நிலத்தில் சீக்கிரம் வலுவிழக்கும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கடல்மேல் வெகுதூரம் தாங்கும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். இரவானால் அலை வானத்தின் மேலடுக்கில் பட்டும் திரும்பி வரும். இன்னொரு காரணமும் உண்டு. 1952-இல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டுக்கு இடமில்லாமல் செய்தார். 1957-இல் விவித பாரதி வரும்வரை, பாட்டு வேண்டியவர்கள் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். அதற்குப் பிறகும் பழக்கம் விடவில்லை. எங்கள் வீட்டில் முகப்புத் திண்ணையில்தான் ரேடியோ இருந்தது. மாலையானால் தெருவே அங்கு உட்கார்ந்திருக்கும். கொழும்புத் தமிழின் அந்தத் திருத்தமான உச்சரிப்பைக் கேட்டுத்தான் நான் லகர ளகரம் பிசகாமல் பாடக் கற்றேன்.

கேள்வி: பேரனுக்குக் கடம் வாங்க வேண்டும். மானாமதுரைக் கடமே வாங்கலாமா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: பேரனுக்கு எத்தனை வயது என்று எழுதவில்லையே! நம் சிவகங்கை மாவட்டத்து மண்ணில் செய்யும் அந்தக் கடத்துக்கு ஈடு கிடையாது. தட்டினால் வெண்கலம்போல் ஒலிக்கும். ஆனால் சுவர் தடிமன், கனம் அதிகம், பிஞ்சு விரல் வலிக்கும். பத்து வயதுக்குள் என்றால் முதலில் சென்னைக் கடம் போதும். மிருதங்கம்போல் கடத்தை இழுத்துக் கட்டிச் சுருதி மாற்ற முடியாது. ஆகவே குருவிடம் சுருதி கேட்டுக்கொண்டு, சுருதிப் பெட்டியோடு போய், தட்டிப் பார்த்து வாங்குங்கள். திரும்பும்போது பஸ்ஸில் மேல்தட்டில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.