வலிக்காத வெள்ளைப் படை

கேள்வி: புகையிலை அடக்கும் பக்கத்தில், கன்னத்துக்குள் வெள்ளையாகப் படை மாதிரி இருக்கிறது. வலி இல்லை. விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. வாய்ப்புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி வரட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் முற்றிய நிலையில் வந்து நிற்கிறார்கள். ஈரத்துணியால் லேசாகத் துடைத்துப் பாருங்கள். துடைத்தும் போகாத படை, 2 வாரத்தில் ஆறாத புண், எதுவானாலும் பல் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். சிவப்புப் படை என்றால் இன்னும் அவசரம். வாயை நன்றாகத் திறந்தும் 3 விரல்களைச் செங்குத்தாக நுழைக்க முடியவில்லையா? அதையும் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். சதையைத் தொட்டால் புற்று பரவும் என்பது வீண் பயம். புகையிலையை இன்றே நிறுத்துங்கள். பக்கம் மாற்றி அடக்குவதில் பயனில்லை. புகையிலையிலுள்ள நைட்ரோசமைன்கள் என்ற, புற்றை உண்டாக்கும் வேதிப்பொருள்கள் அந்தப் பக்கத்தையும் கெடுக்கும். நிறுத்தியபின் படை மங்கினாலும் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.