மவுஸில் விளக்கு எரிகிறது. கம்ப்யூட்டருக்கு ஏன் தெரியவில்லை?

கேள்வி: கம்ப்யூட்டரைப் போட்டதும் ‘யூஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு’ என்று திரையின் மூலையில் வருகிறது. மவுஸ் அசையவே இல்லை. ஆனால் அதன் அடியில் சிவப்பு விளக்கு நன்றாக எரிகிறது. ‘விளக்கு எரிகிறதே, மவுஸில் கோளாறு இல்லை. விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டியதுதான்’ என்கிறார் தெரிந்தவர் ஒருவர். போட்டுவிடலாமா? (கணக்கு எழுதும் வேலையில் இருக்கும் வாசகர்)

பதில்: வேண்டாம். உங்கள் கணக்கெல்லாம் அந்த டிஸ்க்கில்தானே இருக்கிறது? ஒரு மவுஸுக்காக அதில் கை வைக்காதீர்கள். பழுதுபார்க்க வருகிற மவுஸ்களில் விண்டோஸை மாற்றிப் போட்டுச் சரியானது மிக அபூர்வம். பெரும்பாலும் வயரிலோ, அதைச் செருகும் துளையான போர்ட்டிலோதான் கோளாறு இருக்கும்.

அந்த விளக்கை வைத்து முடிவு கட்ட முடியாது. மவுஸ் வயருக்குள் நான்கு மெல்லிய கம்பிகள் ஓடுகின்றன. ஒன்றில் 5 வோல்ட் வரும், இன்னொன்று கிரவுண்டு, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வழி. மீதி இரண்டும் மவுஸும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள. டேட்டா பிளஸ், டேட்டா மைனஸ் என்பார்கள். விளக்கு எரிய முதல் இரண்டே போதும். பேசுகிற கம்பி அறுந்து போனாலும் பல மவுஸ்களில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

உங்களுக்கு அந்தச் செய்தி வருகிறது என்பதே ஒரு நல்ல தடயம். சாதாரண மவுஸைச் செருகியதும் அது டேட்டா மைனஸ் கம்பியில் மின்னழுத்தத்தை ஏற்றும். அதைப் பார்த்துத்தான் ‘ஏதோ ஒன்று வந்திருக்கிறது’ என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொள்கிறது. அடுத்து, நீ யார், உன்னைச் செய்தவர் யார், உன் எண் என்ன என்று கேட்கும். பதில் வராவிட்டாலோ, குழறி வந்தாலோ இந்தச் செய்தியைக் காட்டும். அதாவது, வந்தது தெரிகிறது, யாரென்று தெரியவில்லை. டேட்டா பிளஸ் அறுந்தால் இப்படித்தான் ஆகும். டேட்டா மைனஸ் அறுந்திருந்தால் செய்தியும் வராது, செருகும்போது கேட்கும் சத்தமும் வராது. விளக்கு மட்டும் எரியும். (விலை உயர்ந்த சில கேமிங் மவுஸ்களில் இந்த இரண்டு கம்பிகளின் வேலையும் இடம் மாறியிருக்கும்.)

சரி, என்ன செய்யலாம்? முதலில் கோளாறு மவுஸிலா, கம்ப்யூட்டரிலா என்று பிரித்துக்கொள்ளுங்கள். இதே மவுஸை வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். அங்கேயும் வேலை செய்யாவிட்டால் மவுஸ்தான். உங்கள் விண்டோஸைப் பற்றிய பேச்சே வேண்டாம். அங்கே ஓடினால், உங்கள் கம்ப்யூட்டரில் வேறு போர்ட்டில் போடுங்கள். பெட்டி வகைக் கம்ப்யூட்டர் என்றால் பின்பக்கப் போர்ட்டுகள் நேராக மதர்போர்டு என்கிற முக்கியப் பலகையிலேயே இருக்கின்றன. முன்பக்கப் போர்ட்டுகள் உள்ளே தனி வயர் வழியாகப் போகின்றன. அந்த வயர் கழன்றாலோ தளர்ந்தாலோ முன்பக்கம் மட்டும் படுத்துவிடும். ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் சிறு பெட்டி) வழியாகச் செருகியிருந்தால் அதை எடுத்துவிட்டு நேரடியாகச் செருகுங்கள்.

மவுஸ்தான் என்று தெரிந்தால், வயர் மவுஸுக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் வயர் அங்கேதான் மடங்குகிறது, அதனால் உள்கம்பி அங்கேதான் முதலில் அறும். மேலுறை பார்க்கப் புதிதாகவே இருக்கும். மவுஸைச் செருகி, அந்த இடத்தை விரலால் மெல்ல இப்படியும் அப்படியும் மடக்குங்கள். ஒரு கோணத்தில் செருகிய சத்தம், இன்னொரு கோணத்தில் பிடுங்கிய சத்தம் மாறி மாறிக் கேட்டால் சந்தேகமே இல்லை. சால்டரிங் (ஈயப் பற்றவைப்பு) தெரிந்தவர் கிடைத்தால், பழுதான பகுதியை வெட்டிவிட்டு நான்கு கம்பிகளையும் திரும்பப் பற்றவைத்துவிடலாம். வெட்டும் முன் எந்த நிறம் எங்கே போகிறது என்று படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிவப்பு 5 வோல்ட், கருப்பு கிரவுண்டு, வெள்ளை டேட்டா மைனஸ், பச்சை டேட்டா பிளஸ் என்பது வழக்கம். மலிவு வயர்களில் இந்த நிற ஒழுங்கை நம்பக் கூடாது. நல்ல மவுஸை வயர் போனதற்காகக் குப்பையில் போடுவது எனக்கு மனசுக்கு ஒப்பாத காரியம்.

கேள்வி: ‘டிவைஸ் மேனேஜரில் போய் மவுஸை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்’ என்கிறார்கள். மவுஸே இல்லாமல் அங்கே எப்படிப் போவது? (கல்லூரி மாணவி)

பதில்: கீபோர்டு போதும். விண்டோஸ் சாவியோடு எக்ஸ் எழுத்தை அழுத்தி, அப்புறம் எம் எழுத்தைத் தட்டுங்கள். கம்ப்யூட்டரோடு இணைந்த கருவிகளின் பட்டியலான டிவைஸ் மேனேஜர் திறக்கும். டேப், அம்புச் சாவிகளால் இறங்கி ‘மைஸ் அண்டு அதர் பாயின்டிங் டிவைசஸ்’ என்ற வரிக்கு வாருங்கள். வலது அம்பை அழுத்தினால் அது விரியும். மவுஸின் பெயருக்கு வந்து டெலீட் சாவியை அழுத்தி, என்டர் தட்டி நீக்குங்கள். பிறகு மவுஸைப் பிடுங்கிவிட்டு, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி செருகுங்கள். மவுஸை இயக்கும் டிரைவர் என்கிற மென்பொருள் விண்டோஸிலேயே இருக்கிறது, தானாகப் போட்டுக்கொள்ளும். இணையத்தில் ‘மவுஸ் டிரைவர்’ என்று தேடி, கண்ட தளத்திலிருந்து எதையும் இறக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. அதே பட்டியலில் கீழே யூஎஸ்பி கன்ட்ரோலர், ரூட் ஹப் என்ற பெயர்கள் இருக்கும். யூஎஸ்பி போர்ட்டுகளை நடத்துபவை அவைதான். சிலர் அதையும் நீக்கச் சொல்வார்கள். உங்கள் கீபோர்டும் யூஎஸ்பி என்றால் அந்த நொடியே அதுவும் செத்துவிடும், அடுத்து எதை அழுத்துவது? அப்படி ஏற்கெனவே ஆகிவிட்டதென்றால் பதற வேண்டாம். பவர் பட்டனை அழுத்தி அணைத்து மறுபடி போட்டால் பொதுவாக எல்லாம் திரும்பி வந்துவிடும்.

அதுவரை அம்புக்குறியை நகர்த்த வேண்டுமா? இடது ஆல்ட், இடது ஷிப்ட், நம் லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தி, கேட்கிற கேள்விக்கு என்டர் கொடுங்கள். வலப்பக்க எண் பலகையில் 8, 2, 4, 6 நகர்த்தும். 5 கிளிக் செய்யும். கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் வேலை நிற்காது.

கேள்வி: ரீஸ்டார்ட் செய்தால் மவுஸ் வருகிறது. ஷட் டவுன் செய்து மறுநாள் போட்டால் வருவதில்லை. இரண்டும் ஒன்றுதானே? (ஆசிரியர்)

பதில்: இல்லை. விண்டோஸ் 8 தொடங்கி ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒரு வசதி உண்டு. ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் உள்பகுதியின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அதையே எடுத்து வைத்துக்கொண்டு எழும். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் அடியிலிருந்து தொடங்கும். ஷிப்ட் சாவியைப் பிடித்துக்கொண்டே ஷட் டவுன் கொடுத்துப் பாருங்கள், முழுதாக அணையும். மறுநாள் மவுஸ் வந்தால் காரணம் இதுதான். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் அதை நிறுத்திவிடுங்கள். கம்ப்யூட்டர் எழுவதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

இடையில் கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மவுஸ் காணாமல் போகிறது என்று இன்னும் இருவர் எழுதியிருக்கிறார்கள். அது மின்சாரச் சிக்கனத்தால் வருவது. டிவைஸ் மேனேஜரில் ரூட் ஹப்பைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் ‘மின்சாரத்தைச் சேமிக்க இதை அணைக்கலாம்’ என்ற பொருளில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். சில லேப்டாப்களில் அந்தப் பக்கமே இருக்காது.

கேள்வி: வயர்லெஸ் மவுஸ். வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகியதும் திக்கித் திக்கி, கடைசியில் நின்றே போகிறது. பேட்டரி புதிது. (வீடியோ எடிட்டிங் செய்பவர்)

பதில்: உங்கள் மவுஸ் நல்லதுதான், கம்ப்யூட்டரில் செருகுகிற அதன் குட்டி ரிசீவர் இருக்கிற இடம்தான் சரியில்லை. இத்தகைய மவுஸ்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. யூஎஸ்பி 3.0 வேகத்தில் தரவு ஓடும்போது கிளம்பும் இரைச்சலும் அதே பகுதியில் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை ஆராய்ந்து ஒரு அறிக்கை வெளியிட்டது. ஹார்டு டிஸ்க்கின் வயரும் மவுஸின் ரிசீவரும் பக்கத்துப் பக்கத்துப் போர்ட்டில் இருந்தால், மவுஸின் மெல்லிய சிக்னல் அந்த இரைச்சலில் அமுங்கிவிடும். சிறிய எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று வாங்கி, ரிசீவரை மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் ஹார்டு டிஸ்க்குக்கு எதிர்ப்பக்கப் போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

ரிசீவர் தொலைந்துவிட்டது, நண்பருடையதைப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பொதுவாக முடியாது. ஒவ்வொரு ரிசீவரும் அதனோடு வந்த மவுஸைத்தான் அறியும். சில கம்பெனிகளின் பலபொருள் ரிசீவர்களில் மட்டும் மறுபடி இணைக்கும் வசதி உண்டு.

கேள்வி: பழைய கம்ப்யூட்டர், உருண்டைப் பின் வைத்த மவுஸ். ஓடும்போது பிடுங்கிச் செருகினால் வருவதில்லை. (ஓய்வு பெற்றவர்)

பதில்: அது பிஎஸ்/2 வகை ஐயா. 1987-இல் ஐபிஎம் கொண்டு வந்தது. ஓடும்போது பிடுங்கிச் செருகுவதற்காக அமைத்ததில்லை. மவுஸ் இருக்கிறதா என்று பொதுவாகக் கம்ப்யூட்டர் எழும்போதுதான் பார்க்கும். அணைத்துவிட்டு, பச்சை நிறத் துளையில் செருகிப் போடுங்கள். ஊதா கீபோர்டுக்கு. பின்கள் வளைந்திருந்தால் அழுத்தித் திணிக்காமல், மெல்லிய இடுக்கியால் நிமிர்த்திவிட்டுச் செருகுங்கள்.