திருநெல்வேலிப் பக்கம் ஆற்றிலும் குளத்திலும் தூண்டில் போட எப்போது வரலாம், எப்படித் திட்டமிடுவது?

கேள்வி கேட்டவர் சென்னைக்காரர். மே மாதப் பள்ளி விடுமுறையில் பத்து வயது மகனோடு ஐந்து நாள் திருநெல்வேலி வந்து, தாமிரபரணியிலும் சுற்றுவட்டாரக் குளங்களிலும் தூண்டில் போட ஆசைப்படுகிறார். எந்தெந்த இடம் என்று ஒரு பட்டியல் வேண்டுமாம்.

பட்டியல் தருவதில் எனக்குச் சிரமம் ஒன்றுமில்லை. ஆனால் அதை நம்பி வந்தீர்கள் என்றால் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம், விடியக்காலம் நாலரைக்கு நானும் மச்சானும் பாளையங்கோட்டையில் இருந்து பைக்கில் கிளம்பினோம். நாங்குநேரிப் பக்கம் ஒரு குளம். பொங்கல் சமயத்தில் அதே குளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கெண்டை பிடித்திருக்கிறோம். கரையேறிப் பார்த்தால் குளத்துக்குள் கிரிக்கெட் நடக்கிறது. வெடித்த களிமண்ணில் பிட்ச் வரைந்து, உடைமரக் கம்பை ஸ்டம்பாக நட்டு, பையன்கள் ஆறு மணிக்கே ஆடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோளில் கிடந்த தூண்டில் பையைப் பார்த்துவிட்டு ஒருத்தன் கேட்டான்: "அண்ணாச்சி, ஆள் ஒண்ணு கொறையுது, பீல்டிங் நிக்கியளா?"

மச்சான் நின்றான்.

அன்றைக்குத்தான் புத்தி வந்தது. இந்தச் சீமையில் இடத்தைப் பார்த்துத் திட்டம் போடக்கூடாது, தண்ணீரைப் பார்த்துப் போட வேண்டும். நெல்லைக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை மழைதான். தென்மேற்குப் பருவமழை மேற்கே மலையில் கொட்டும், குற்றாலத்தில் சாரல் போடும், சமவெளிக்கு வரும்போது வெறும் காற்றாகத்தான் வரும். அந்த மலைத்தண்ணீரை பாபநாசம் அணையும் (143 அடி), சேர்வலாறும் (156 அடி), மணிமுத்தாறும் (118 அடி) பிடித்து வைத்துக்கொள்கின்றன. அணை திறந்தால் கால்வாயில் தண்ணீர், கால்வாயில் வந்தால்தான் குளத்தில் தண்ணீர். கார் நெல் சாகுபடிக்கு ஜூன் வாக்கில், அடுத்து வருகிற பிசான நெல்லுக்கு மழைக்காலத்தில் திறப்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாலான கால்வாய்களை அடைத்துவிடுவார்கள். குடிநீருக்காக ஆற்றில் விடுவதுதான் ஓடும். மணிமுத்தாற்றுத் தண்ணீரையோ வெறும் மழையையோ நம்பி இருக்கிற நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துக் குளங்களை மே மாதத்தில் குளம் என்றே சொல்ல முடியாது.

ஆகவே உங்களால் தேதியை மாற்ற முடியும் என்றால் மாற்றுங்கள். நான் சொல்வது தை கடைசியில் இருந்து மாசி முடிய. அப்போது மழைவெள்ளத்தின் செம்மண் கலங்கல் எல்லாம் படிந்து ஆறு தெளிந்திருக்கும். குளத்தில் தண்ணீர் மெள்ள மெள்ள இறங்கி, மீன் எல்லாம் மடைப் பக்கம் ஆழத்துக்கு ஒதுங்கத் தொடங்கியிருக்கும். காலையில் பத்து மணி வரைக்கும்கூட உட்காரலாம். மார்கழியில் குளம் நிறைந்து கிடக்கும்போது வருவதுதான் கண்ணுக்கு அழகு, ஆனால் அவ்வளவு பெரிய தண்ணீரில் மீன் எங்கே நிற்கிறது என்று தேடியே பொழுது போய்விடும். அதற்கு ஒரே விதிவிலக்கு மறுகால், அதாவது நிறைந்த குளத்தில் இருந்து மிச்சத் தண்ணீர் வழிந்தோடுவது. குளம் நிறைந்து மறுகால் பாயத் தொடங்கின முதல் இரண்டு மூன்று நாள், புதுத் தண்ணீர் வாடைக்கு மீன் எதிர்த்து ஏறும். கெண்டை, கெளுத்தி, குரவை எல்லாம் தண்ணீர் வழிகிற கலிங்குக்குக் கீழே முட்டி மோதிக்கொண்டு நிற்கும். ஊரே வலையோடும் கொசுவலையோடும் வேட்டியோடும் அங்கேதான் இருக்கும். தூண்டில்காரனுக்கு அங்கே மரியாதை கிடையாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மாதிரி மழை பெய்தால் மட்டும் மறுகால் பக்கமே போகாதீர்கள். அன்றைக்கு எத்தனையோ குளம் உடைந்தது.

ஆனி, ஆடியில் வரலாமா என்று சிலர் கேட்பதுண்டு, அணை திறந்திருக்குமே என்று. தண்ணீர் இருக்கும், காற்று விடாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பித்தான் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் அத்தனை காற்றாலை நட்டிருக்கிறார்கள். குளத்தில் தண்ணீர்மேல் மிதக்கிற தக்கை ஓரிடத்தில் நிற்காது, தூண்டில் நரம்பு வில்லாக வளைந்து கரைக்கே திரும்பி வரும்.

சரி, பள்ளி விடுமுறை மேயில்தான், வேறு வழியில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் குளத்தை மறந்துவிட்டு ஆற்றுக்கு வாருங்கள். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேருகிற வரை ஆறு 130 கிலோமீட்டர்கூடக் கிடையாது. அதற்குள் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டு (பெரிய அணை இல்லை, ஆற்றை மறித்துத் தண்ணீரைக் கால்வாய்க்குத் திருப்புகிற தாழ்வான தடுப்பு). கோடையிலும் ஒவ்வொரு அணைக்கட்டுக்கும் மேலே கொஞ்சம் தேக்கம் இருக்கும், கீழே பாறையில் விழுந்து நுரைக்கிற தண்ணீர் இருக்கும். எனக்கு அந்தக் கீழ்ப்பக்கம்தான் பிடிக்கும், அதற்குக் காரணமும் உண்டு.

தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கிற ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். பாசி பிடித்த பச்சைக் குளமாக இருந்தால் இன்னும் மோசம். பகலில் பாசி ஆக்சிஜனை விடும், ராத்திரி அதுவே திரும்ப எடுத்துக்கொள்ளும். அதனால் விடியும் நேரம்தான் மீனுக்கு மூச்சு முட்டுகிற நேரம். ஒரு சித்திரை மாத விடியலில் டார்ச் அடித்துப் பார்த்தேன்: தண்ணீர் மட்டத்தில் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன வாய், ஒரு ரூபாய்க் காசு அளவில் திறந்து திறந்து மூடுகிறது. சட்டியில் சோறு கொதிப்பது போலச் சன்னமாக ஒரு சத்தம். இத்தனை மீனா என்று குஷியாகித் தூண்டிலைப் போட்டால் ஒன்றுகூடத் தொடவில்லை. மூச்சுக்குத் தவிக்கிற உயிர் சாப்பிடுமா? வெயில் ஏறி எட்டு மணி ஆனபிறகுதான் இரையைப் பார்த்தன. 'தூண்டிலுக்கு விடியக்காலம்தான் நல்லது' என்று எல்லாரும் சொல்வது ஓடுகிற ஆற்றுக்குச் சரி. பச்சைக் குளத்துக்கு அது பொருந்தாது. அணைக்கட்டுக்குக் கீழே தண்ணீர் விழுந்து காற்றோடு கலப்பதால் கோடை மீன் அங்கே வந்து ஒதுங்கும், விடியலிலும் கடிக்கும்.

விரால், குரவை, தேளி, பனையேறிக்கு மட்டும் இந்தக் கவலை கிடையாது. மேலே வந்து காற்றை ஒரு வாய் குடித்துவிட்டுப் போய்விடும். விராலுக்கு ரப்பர் தவளை கட்டி இழுக்கிறவர்கள் இப்போது நிறைய. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் குஞ்சுகள் கூட்டமாக ஒரு உருண்டை போல நகர்ந்தால் அதன் அடியில் தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கும். அப்போது எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும். அந்த விராலைத் தூக்காதீர்கள். தூக்கின கொஞ்ச நேரத்தில் குஞ்சு முழுவதையும் மற்ற மீன் தின்றுவிடும்.

அடுத்தது யாருடைய தண்ணீர் என்கிற விஷயம். பல குளத்தில் மீன்பாசிக் குத்தகை, அதாவது மீன் பிடிக்கிற உரிமைக்கு ஏலம் உண்டு. ஏலம் எடுத்தவர் கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விட்டிருப்பார். தண்ணீர் பொதுத்தண்ணீர்தானே என்று நாம் போய் உட்கார முடியாது. நான் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் இருந்து ஒரு குரல்: "யாரு வே அது? எந்தூரு?" எழுபது வயது இருக்கும், தலையில் துண்டு, கையில் பனைமட்டை. ஊரைச் சொன்னேன். "பாளையங்கோட்டையில மீனே இல்லையோ?" என்றார். மன்னிப்புக் கேட்டு, டீ வாங்கித் தருகிறேன் என்று சொல்லி, கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். கட்லா, ரோகு மாட்டினால் அவிழ்த்து விட்டுவிட வேண்டும். ஜிலேபி மீனும் கெளுத்தியும் எனக்கு. விரால் பட்டால் அவருக்கு. விரால் பட்டது. முக்கால் கிலோ இருக்கும். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் பாருங்கள், குத்தகைப் பணம் முழுவதும் வசூலானது மாதிரி. அதிலிருந்து எந்தக் குளத்துக்குப் போனாலும் முதலில் கரைக்குப் பக்கத்து டீக்கடையில் நின்று, "கொளம் யாரு எடுத்திருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் பையைத் திறக்கிறேன். ஆற்றுக்கும் போகிற இடத்து ஊர்க்காரர்களிடமும் மீன்வளத் துறை அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கேட்கவே வேண்டாத இடங்களும் உண்டு, போகவே கூடாது என்பதால். காரையாறு (பாபநாசம் அணை இருக்கிற இடம்), சேர்வலாறு எல்லாம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988-ல் இருந்து அப்படித்தான். அங்கே தூண்டில் கொண்டுபோனால் வனத்துறை கேஸ் போடும், காரையாற்று அணையில் முதலையும் கிடக்கிறது. பாபநாசம் கோயில் படித்துறையில் மீன்கள் கூட்டமாக வந்து காலைக் கொத்தும், ஜனங்கள் பொரி போடுவார்கள். அது சாமி மீன், பையனுக்குக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூடப் போடாதவர்கள், அங்கே மீன் மஞ்சள்மூக்கு நாரைக்கும் கூழைக்கடாவுக்கும்தான்.

ஆற்றில் இன்னொரு பயம் பள்ளம். மணல் அள்ளின குழிகள் முழங்கால் தண்ணீருக்குப் பக்கத்திலேயே இரண்டாள் ஆழத்துக்கு இருக்கும், கசம் எங்கே என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அணையில் திறப்பைக் கூட்டினால் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறும். நடுப்பாறையில் உட்கார்ந்து பிடிக்கிற ஆசையை விடுங்கள், கரையோடு இருங்கள். அணை மட்டமும் திறப்பும் தினசரிப் பத்திரிகையின் நெல்லைப் பதிப்பில் வரும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்து அதைப் பாருங்கள்.

சாமான் விஷயத்தில் நான் கஞ்சன். பையனுக்கு ஆறடி மூங்கில் கழி, மெல்லிய நரம்பு, ஆகச் சின்ன தூண்டில் முள், அரிசி அளவு ஈயம் போதும். தக்கைக்குப் பழைய ஹவாய்ச் செருப்பில் விரல்நுனி அளவு வெட்டி நடுவில் ஈர்க்குச்சி செருகினால் ஆயிற்று. இரைதான் கோடையில் கஷ்டம். காய்ந்த மண்ணில் மண்புழு ஆழத்துக்குப் போய்விடும். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வாழைத் தோட்டம் ஏராளம். தோட்டக்காரரிடம் கேட்டு, கீழே அழுகிக் கிடக்கிற மட்டையைப் புரட்டினால் ஈரத்தில் நெளியும். அதே மட்டையின் ஒரு துண்டில் பொதிந்து கொண்டுபோனால் மத்தியானம் வரை சாகாது. டப்பாவில் போட்டால் ஒன்பது மணிக்குள் வெந்துவிடும். புழு கிடைக்காவிட்டால் புரோட்டாக் கடையில் ஒரு உருண்டை மாவு கேளுங்கள். ஜிலேபிக்கும் கெண்டைக்கும் அது போதும்.

கெளுத்தி மாட்டினால் பையனைத் தொட விடாதீர்கள், செவுளுக்குப் பக்கத்து முள் குத்தினால் சாயங்காலம் வரை கடுக்கும். தேளி அதைவிடப் பொல்லாதது, பெயரிலேயே தேள் இருக்கிறது. பிடித்த ஜிலேபியை வெயிலில் பையில் தொங்கவிட்டால் ஒரு மணி நேரத்தில் நாறும். நனைத்த சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள், அல்லது ஐஸ் வாங்கிக்கொள்ளுங்கள். காலை ஒன்பதரைக்குத் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் அதற்கு மேல் மீனும் கடிக்காது, உங்களுக்கும் தலை சுற்றும். வழியில் நுங்கும் பதநீரும் கிடைக்கும். சாயங்காலம் நாலரைக்கு மேல் திரும்ப வரலாம்.

ஐந்து நாளில் மூன்று காலை ஆற்றுக்கு, அதுவும் ஒரே அணைக்கட்டுக்கு ஒதுக்குங்கள். முதல் நாள் இடம் புரியும், இரண்டாம் நாள்தான் மீன். மிச்ச இரண்டு நாளைச் சும்மா வைத்துக்கொள்ளுங்கள். கோடைமழை பெய்தால் டீக்கடையில் ஏதாவது குளத்தின் பெயர் காதில் விழும்.

பையனிடம் விரால் கதை சொல்லிக் கூட்டி வராதீர்கள். இந்த ஆற்றின் பெயரையே அறிவியல் பெயராக வைத்திருக்கிற ஒரு கெண்டை உண்டு, சைலஸ் என்கிற மீனியல் அறிஞர் 1954-ல் பெயர் வைத்தது. உடம்பில் கரும்புள்ளி, ஆண் மீனுக்கு முதுகுத் துடுப்பில் நூல் நூலாக நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சொல்லுங்கள், மாட்டினால் பார்த்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். என் மகள் முதன்முதலாகப் பிடித்தது விரல் நீளக் கெண்டை. மஞ்சள்பொடி தடவி ஒற்றை மீனைத் தனியாகப் பொரித்துத் தரச் சொல்லி அவள் ஆச்சியிடம் நின்றாள். ஆச்சியும் ஒரு மீனுக்காகச் சட்டி காய வைத்தாள். அதை நாலாகப் பிய்த்து வீட்டில் எல்லாருக்கும் கொடுத்தாள் மகள். எனக்கு வந்தது வால்.