பைனாகுலர், கையேடு, போகும் இடம்: பறவை பார்ப்போர் கேள்வி பதில்

கேள்வி: முதல் பைனாகுலர் வாங்கப் போகிறேன். 8×42, 10×42, 12×50 என்று இருக்கின்றன. எண் பெரிதாக இருந்தால் நல்லதுதானே?

பதில்: இல்லை, 8×42 எடுங்கள். முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும், பார்வைப் பரப்பும் சுருங்கும். இலைகளுக்குள் தாவிக்கொண்டே இருக்கும் கதிர்க்குருவியைப் பிடிக்க அகலமான பார்வைதான் வேண்டும். அப்புறம் வெளிச்சம். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மி.மீ. 10×42-இல் அது 4.2தான். விடியற்காலையில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஏரி, கடற்கரை என்று திறந்த வெளியிலேயே பார்ப்பவர் 10 மடங்கு எடுக்கலாம். 12 மடங்கை முக்காலி இல்லாமல் வெகுநேரம் ஆடாமல் பிடிப்பது கஷ்டம்.

கேள்வி: மூக்குக்கண்ணாடி போடுகிறேன். பைனாகுலரில் ஓரமெல்லாம் கறுப்பாகத் தெரிகிறது.

பதில்: கண் வைக்கும் பக்கத்தில் உள்ள கண்வளையங்களைத் திருகி உள்ளே இறக்கிவிட்டுப் பாருங்கள். அப்படியும் சரியாகாவிட்டால், ஐ ரிலீஃப், அதாவது முழுக் காட்சியும் தெரியும்படி கண் லென்ஸிலிருந்து தள்ளி இருக்கக்கூடிய தூரம், 16 மி.மீ.க்குக் குறையாத பைனாகுலர் வேண்டும். கண்ணாடியைக் கழற்றவே தேவையில்லை.

கேள்வி: பறவைகளை அடையாளம் காண உதவும் கையேட்டில் புகைப்படம் நல்லதா, ஓவியமா?

பதில்: முதல் கையேட்டுக்கு ஓவியம். புகைப்படத்தில் இருப்பது ஒரு பறவை, ஒரு நொடி, அன்றைய வெளிச்சம். ஓவியர் ஆண், பெண், இளம்பறவை மூன்றையும் ஒரே நிலையில் நிறுத்தி ஒப்பிட வைப்பார். ஒத்த பறவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, பிரித்தறியும் குறியைச் சிறு கோட்டால் சுட்டிக் காட்டும் முறையை அமெரிக்கப் பறவை ஓவியர் ரோஜர் டோரி பீட்டர்சன் 1934-இல் பிரபலமாக்கினார். இன்றும் அதற்கு மாற்றில்லை. கடையில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பறவை ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். அதன் நிறமே தவறாக இருந்தால் புத்தகத்தை அங்கேயே வைத்துவிடலாம். கண்டம் முழுவதற்குமான தடித்த நூலைவிட உங்கள் பகுதிக்கு மட்டுமான மெல்லிய நூல் மேல். அங்கே வராத பறவைகள் குழப்பாது.

கேள்வி: மெர்லின் செயலி குரலைக் கேட்டே பெயர் சொல்கிறதே, போதாதா?

பதில்: அதைத் துப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பறவையைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகு குறிப்பேட்டில் எழுதுங்கள்.

கேள்வி: பக்கத்தில் சரணாலயம் எதுவும் இல்லை. எங்கே போவது?

பதில்: நடந்து போகிற தூரத்தில் ஓர் இடம் பிடியுங்கள். மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் விளிம்பு, நாணல் வளர்ந்த குட்டை என்று இரண்டு வாழிடங்கள் சந்திக்கும் இடம் சிறந்தது. கழிவுநீர்க் குட்டையைக்கூட ஒதுக்காதீர்கள். பூச்சிகள் மண்டும் இடத்தில் பறவைகளும் கூடும். கடலோரம் என்றால் ஓதம் ஏறும் நேரத்தில், அதாவது கடல்நீர் மட்டம் உயரும்போது போங்கள். சேற்றுப்பரப்பு சுருங்கச் சுருங்க சேற்றில் இரை தேடும் உள்ளான்கள் கரைப் பக்கம் நெருங்கி வரும். வெயில் முதுகில் படும்படி நில்லுங்கள். அதே இடத்துக்கு வருடம் முழுக்கப் போனால்தான் எது நிரந்தரவாசி, எது வலசை வந்தது என்று பிடிபடும். இந்தத் தெளிவை எந்தப் பெரிய சரணாலயத்துக்கு ஒரு நாள் போனாலும் பெற முடியாது.

கேள்வி: அங்கே கூடு கண்ணில் பட்டால் படம் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம், உடனே விலகிவிடுங்கள். தாய்ப்பறவை எழுந்து போனால் முட்டைக்கு ஆபத்து. காகம் பார்த்துக்கொண்டே இருக்கும். கூடு இருக்கும் இடத்தை யாருக்கும் எழுதவும் வேண்டாம்.