உடல் கிடைக்கவில்லை என்றால் 7 ஆண்டு காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: ஐந்து மாதங்களுக்கு முன் என் கணவர் (வயது 34) நண்பர்களோடு மலைப்பகுதி விடுதி ஒன்றில் தங்கப் போனார். அறை வாடகையோடு படகுச் சவாரியும் சேர்த்தே பணம் கட்டியிருந்தார்கள். அணை நீர்த்தேக்கத்தில் பலத்த காற்றடித்துப் படகு கவிழ்ந்தது. ஆறு பேரில் ஐந்து பேர் கரையேறிவிட்டார்கள், இவர் மட்டும் வரவில்லை. தீயணைப்பு வீரர்கள் மறுநாள்தான் தண்ணீரில் இறங்கினார்கள். ஆறு நாள் தேடிவிட்டுப் போய்விட்டார்கள். கூட வந்த நண்பர்கள் இப்போது போனைக்கூட எடுப்பதில்லை. விடுதிக்காரர் 12 லட்ச ரூபாய் தருவதாகச் சொல்கிறார். கொழுந்தனார் அன்றிரவு கொடுத்த புகாரில் ‘அண்ணனைக் காணவில்லை’ என்றுதான் இருக்கிறது. தேடலை நிறுத்திய அதிகாரிகள் மீதும் நண்பர்கள் மீதும் வழக்குப் போட முடியுமா? மாமியார், ‘உடலைப் பார்க்காமல் இறந்துவிட்டான் என்று எந்தக் காகிதத்திலும் எழுதாதே’ என்கிறார். எனக்கு நான்கு வயதில் ஒரு மகள். கணவர் மாதம் 28,000 ரூபாய் சம்பாதித்தார்.

பதில்:

சகோதரி, உங்கள் கடிதத்தில் சட்டம் கவனிக்கும் விஷயம் ஒன்றுதான். உங்கள் கணவர் அந்தத் தேதியில், அந்த இடத்தில், அந்தப் படகு கவிழ்ந்ததால் இறந்தார் என்பதை எப்படி நிரூபிக்கப் போகிறீர்கள்? மறுநாள் இறங்கியது, நண்பர்கள் போன் எடுக்காதது எல்லாம் நியாயமான வேதனைதான். ஆனால் அவற்றில் வழக்கு இல்லை. அவர் மூழ்கியது முதல் சில நிமிடங்களில். தேடல் தாமதமானதால்தான் உயிர் போனது என்று எந்த நீதிமன்றத்திலும் காட்ட முடியாது.

அதைவிட முக்கியமான ஒன்று. யார் மீது வழக்குப் போட வேண்டும் என்கிறீர்களோ அவர்கள்தான் உங்கள் சாட்சிகள். படகு கவிழ்ந்ததையும் அவர் மூழ்கியதையும் கண்ணால் பார்த்தவர்கள் அந்த ஐந்து நண்பர்கள். ஆறு நாள் தண்ணீருக்குள் தேடியும் கிடைக்கவில்லை, ஏன் கிடைக்கவில்லை என்று சொல்லக்கூடியவர்கள் தீயணைப்பு வீரர்களும் ஸ்கூபா வீரர்களும். அவர்களை எதிர்மனுதாரர் ஆக்கினால், ‘எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை’ என்று ஒதுங்கிக்கொள்வார்கள். அதன்பின் உங்கள் கையில் மிச்சமிருப்பது ‘காணவில்லை’ என்ற அந்தப் புகார் மட்டும்தான்.

அந்தப் புகாரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இந்த மாதிரி வழக்குகளில் குடும்பங்கள் விழுகிற குழி அதுதான்.

‘காணவில்லை’ என்று முதல் தகவல் அறிக்கை இருந்தால் பிறப்பு இறப்புப் பதிவாளரும், வங்கியும், காப்பீட்டு நிறுவனமும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: ‘ஏழு வருஷம் கழித்து வாங்க.’ பாரதிய சாட்சிய அதினியத்தின் 111-வது பிரிவு (பழைய சாட்சியச் சட்டத்தில் 108) அதற்குத்தான். ஒருவரைப் பற்றி 7 ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லையென்றால் அவர் உயிருடன் இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஆனால் வீட்டைவிட்டுப் போனவர், திருவிழாக் கூட்டத்தில் தொலைந்தவர் போல என்ன ஆனார் என்றே தெரியாதவர்களுக்கான அனுமானம் இது. உங்கள் கணவர் என்ன ஆனார் என்பது ஐந்து பேருக்குத் தெரியும். நேரடியான, சூழ்நிலை சார்ந்த சாட்சியம் இருக்கும்போது 7 ஆண்டு காத்திருக்கத் தேவையில்லை. உடல் கிடைக்காத கொலை வழக்குகளிலேயே மரணம் நிரூபிக்கப்படலாம் என்று 1981-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிவில் வழக்கில் தேவைப்படும் நிரூபணம் அதைவிடக் குறைவு.

சரி, காத்திருந்தால் என்ன நஷ்டம்? பெரிய நஷ்டம். 1855-ஆம் ஆண்டின் மரண விபத்துகள் சட்டப்படி இழப்பீட்டு வழக்குப் போட, இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுதான் அவகாசம். அது மூல வழக்கு என்பதால், தாமதத்தை மன்னிக்கும்படி மனுப் போடவும் வழியில்லை. நுகர்வோர் ஆணையத்திலும் 2 ஆண்டுதான். அங்கே தாமதத்தை மன்னிக்க அதிகாரம் உண்டு, அதை நம்பி உட்காரக் கூடாது. 7 ஆண்டு காத்திருந்து மரணச் சான்றிதழோடு வருபவரிடம், விடுதியின் வழக்கறிஞர் ‘காலாவதி’ என்ற ஒரே வார்த்தையில் வழக்கை முடிக்கப் பார்ப்பார்.

இன்னொன்று. 7 ஆண்டு கழித்துக் கிடைக்கும் அனுமானம், அவர் இறந்துவிட்டார் என்று மட்டும்தான் சொல்லும். எந்தத் தேதியில் இறந்தார் என்று சொல்லாது. எல்.ஐ.சி. பாலிசி தொடர்பான வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. இடைப்பட்ட காலத்தில் பிரீமியம் கட்டாமல் பாலிசி காலாவதியாகிவிட்டால் அந்தப் பணமும் போகும். அதனால் அவர் பெயரில் பாலிசி இருந்தால், தீர்ப்பு வரும்வரை எப்படியாவது பிரீமியத்தைக் கட்டிக்கொண்டிருங்கள். ‘இறந்தவருக்கு எதற்கு பிரீமியம்’ என்று விட்டுவிட்டுப் பிறகு தவித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒக்கிப் புயலிலும் வயநாடு நிலச்சரிவிலும் காணாமல் போனவர்களுக்கு 7 ஆண்டு கேட்கவில்லையே என்று யாராவது சொல்வார்கள். அவை பேரிடர்கள், அரசு தனியாக முடிவெடுத்தது. ஒரு படகில் போன ஒருவருக்கு அப்படி ஆணை வராது. நீங்கள்தான் நீதிமன்றம் போக வேண்டும்.

அங்கே என்ன கேட்பது? இன்ன தேதியில் இந்த விபத்தில் இறந்தார் என்று அறிவிக்கக் கோரி சிவில் நீதிமன்றத்தில் வழக்கு. இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அறிவிப்புத் தீர்ப்பு வழக்கில் சேர்க்கப்பட்டவர்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும். வட்டாட்சியரையும் பதிவாளரையும் மட்டும் சேர்த்துத் தீர்ப்பு வாங்கிவிட்டு, காப்பீட்டு நிறுவனத்திடம் போனால் ‘எங்களை நீங்கள் சேர்க்கவில்லை’ என்பார்கள். விடுதி, படகு உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் எல்லோரையும் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது, தேடல் பதிவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்குவது. எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது, எத்தனை பேர் இறங்கினார்கள், எந்த இடத்தில் எவ்வளவு ஆழம், பாதாளக் கரண்டி போட்டார்களா, ஒலி அலையால் தேடும் சோனார் கருவி கொண்டுவந்தார்களா, எதனால் நிறுத்தினார்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். அணை கட்டும்போது மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகள் இன்னமும் தரையில் நிற்கும் நீர்த்தேக்கங்கள் உண்டு. சேற்றைக் கலக்கிவிட்டால் கீழே கை நீட்டினால் கையே தெரியாது. தொட்டுத் தொட்டுத்தான் தேடுவார்கள். உடலில் வாயு சேர்ந்தால்தான் மேலே மிதக்கும். ஆழத்தில் தண்ணீர் குளிர்ந்திருந்தால் அது மிகவும் தாமதமாகும், மரத்திலோ வலையிலோ சிக்கினால் மேலே வராமலே போகலாம். ‘உடல் இல்லையே, ஒருவேளை நீந்திப் போயிருப்பாரோ’ என்று எதிர்த்தரப்பு கேட்கும்போது, தேடிய ஸ்கூபா வீரர் கூண்டில் ஏறி இதைச் சொல்ல வேண்டும். அவர் மீதா வழக்குப் போடப் போகிறீர்கள்?

நண்பர்களிடமும் கோபத்தை அடக்கிக்கொண்டு பேசுங்கள். அவர்களுடைய வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் முன்பு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 183-வது பிரிவில் பதிவு செய்யும்படி காவல்துறையிடம் எழுத்தில் கேளுங்கள். கூடவே, ‘காணவில்லை’ வழக்கை அலட்சியத்தால் மரணம் விளைவித்தல், அதாவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) என்று மாற்றவும் மனுக் கொடுங்கள்.

செய்யவே கூடாத ஒன்று, ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளைக் கண்டுபிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லும் மனு. அவசரத்தில் யாரோ சொன்னார்கள் என்று உயர் நீதிமன்றத்தில் போட்டுவிடுவார்கள். ‘என் கணவர் உயிருடன் இருக்கிறார் என்று நம்புகிறேன்’ என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதிவிட்டு, பிறகு இறந்துவிட்டார் என்று வழக்கு நடத்த முடியாது. மாமியாரின் வருத்தம் எனக்குப் புரிகிறது. அவர் வீட்டில் என்ன நம்பிக்கை வைத்திருந்தாலும் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. காகிதத்தில் மட்டும் இரண்டு விதமாக எழுதாதீர்கள்.

தேடல் மறுபடி நடக்க வேண்டுமா? அதிகாரிகளுக்கு உத்தரவிடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவைவிட, கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது மறுபடி தேடச் சொல்லி மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுப்பது பலன் தரும். எப்போது எச்சம் கிடைத்தாலும் பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். மகளின் டி.என்.ஏ. மாதிரியோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

இனி அந்த 12 லட்சம். வருஷத்துக்கு 3,36,000 ரூபாய் சம்பாத்தியம், அதில் அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, 34 வயதுக்கு மோட்டார் விபத்து வழக்குகளில் எடுக்கும் 16 என்ற பெருக்கியால் பெருக்கினால் 35,84,000 ரூபாய் வருகிறது. இது வழிகாட்டிக் கணக்குதான். ‘லைஃப் ஜாக்கெட் கொடுத்தோம், அவர்தான் போடவில்லை’ என்று ஒரு வாதம் கட்டாயம் வரும், அதில் ஒரு பகுதி குறையும். மேல்முறையீடு என்று பல வருஷம் இழுக்கும். உடல் இல்லாத வழக்கு வேறு. அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன்: 20 லட்சத்துக்கு மேல் வந்தால் சமரசமாகப் போய்விடுங்கள். உங்கள் மகள் பள்ளிக்கூடம் போகப்போகும் வருஷம் இது.

ஆனால் விடுதிக்காரர் நீட்டும் காகிதத்தில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். ‘காணாமல் போனவரின் குடும்பத்துக்கு மனிதாபிமான உதவி’ என்றுதான் அதில் இருக்கும். ‘இன்ன தேதியில் எங்கள் படகு கவிழ்ந்து இறந்தார்’ என்று அவர் ஒப்புக்கொள்ளும் வரி இல்லாமல் வாங்கும் பணம் உங்களுக்குப் பாதிதான் உதவும். அந்த வரி இருந்தால் காப்பீட்டுக்கும் சான்றிதழுக்கும் அதுவே பெரிய ஆதாரம். பணத்தைக் கொழுந்தனார் வாங்கிக் கையெழுத்துப் போட்டால் செல்லாது, இந்த இழப்பீட்டில் அவருக்கு உரிமை இல்லை. உங்களுக்கும் மகளுக்கும் மாமியாருக்கும்தான் உண்டு. மகள் மைனர் என்பதால் வழக்குப் போட்டு, நீதிமன்ற அனுமதியோடு சமரசத்தைப் பதிவு செய்து, அவள் பங்கை வங்கியில் வைப்புத்தொகையாகப் போடச் சொல்லுங்கள். ‘போலீஸ் கேஸை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம்’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். 106(1) நீங்கள் சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றமே அல்ல.

உங்களுக்கு இன்னும் 19 மாதம் இருக்கிறது. தகவல் உரிமை மனுவை இந்த வாரமே போட்டுவிடுங்கள்.