ரியோஹாவுக்கு அடுத்து எது?

கேள்வி: ஸ்பெயினில் பணிபுரியும் என் தம்பி, விடுமுறைக்கு வந்தபோது ‘ரியோஹா கிரியான்சா’ என்ற சிவப்பு ஒயினைக் கொண்டுவந்தான். துவர்ப்பு அளவோடும் வெனிலா வாசனையோடும் இருந்ததால் எனக்கும் கணவருக்கும் மிகவும் பிடித்துவிட்டது. இதே சாயலில் அடுத்து எவற்றை வாங்கலாம்?
- வாசகி, மந்தைவெளி

பதில்: நீங்கள் ரசித்தது திராட்சையின் சுவையையா, பீப்பாயின் சுவையையா என்பதை முதலில் யோசித்துப் பாருங்கள். ரியோஹா என்பது வட ஸ்பெயினின் ஒயின் பகுதி. கிரியான்சா என்பது ஊர்ப் பெயர் அன்று. அது பக்குவப்படுத்திய காலத்தைக் குறிக்கும் சொல். ரியோஹா விதிகளின்படி, குறைந்தது ஓராண்டு ஓக் பீப்பாயில் இருந்து, மொத்தம் இரண்டாண்டு முதிர்ந்த சிவப்பு ஒயினுக்கே அந்தப் பெயரை இடலாம். வெனிலா வாசனை திராட்சையிலிருந்து வருவதில்லை. ரியோஹாவில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் அமெரிக்க ஓக் மரம் தருவது அது.

அந்த வாசனைதான் உங்களைக் கவர்ந்தது என்றால், அதே ரியோஹாவின், இன்னும் அதிகக் காலம் முதிர்ந்த ‘ரெசெர்வா’வை வாங்குங்கள். புட்டியின் பின்புறம் ஒட்டியிருக்கும் சிறிய முத்திரைச் சீட்டின் நிறமே அடையாளம் சொல்லிவிடும்: கிரியான்சாவுக்குச் சிவப்பு, ரெசெர்வாவுக்குக் கருஞ்சிவப்பு, ஐந்தாண்டு முதிர்ந்த ‘கிரான் ரெசெர்வா’வுக்கு நீலம். முதிர்ச்சி கூடக் கூடப் பழச்சுவை அடங்கி, பதனிட்ட தோல், புகையிலை, உலர்பழ வாசனைகள் மேலெழும் என்பதால், விலை அதிகம் என்பதற்காகவே கிரான் ரெசெர்வாவுக்குத் தாவ வேண்டாம் என்பது என் கருத்து.

பழச்சுவைதான் பிடித்தது என்றால், ரியோஹாவின் முக்கியத் திராட்சை ரகமான தெம்ப்ரானியோவையே பின்தொடருங்கள். சீக்கிரம் பழுப்பதால், ‘முன்கூட்டியே’ என்ற பொருள் தரும் ஸ்பானியச் சொல்லிலிருந்து அதற்கு அந்தப் பெயர் வந்தது. துவேரோ ஆற்றங்கரை மேட்டுநிலமான ரிபேரா தெல் துவேரோவில் அதைத் ‘தின்தோ ஃபினோ’ என்கிறார்கள். பகல் வெயிலும் இரவுக் குளிரும் கூடிய அந்த மண்ணில் விளைந்த ஒயின் நிறம் கருத்து, துவர்ப்புக் கூடியதாக இருக்கும். அதே ஆறு போர்ச்சுகலுக்குள் நுழைந்து தோரு என்று பெயர் மாறுகிறது. திராட்சையும் அங்கே ‘டின்டா ரோரிஸ்’ ஆகிவிடுகிறது. ஆற்றின் போக்கிலேயே இந்த இரண்டு ஊர்ப் புட்டிகளையும் சுவைத்துப் பாருங்கள் என்று உங்களுக்கு மனதாரச் சொல்வேன்.

ஸ்பெயினைத் தாண்டினால், இத்தாலியின் கியான்டி நெருங்கிய உறவு. அதன் சான்ஜொவேஸே திராட்சையில் புளிப்புச் சற்று தூக்கலாக இருப்பதால், தக்காளி சேர்ந்த குழம்புகளுக்கு நன்றாகப் பொருந்தும். அந்த ரகம் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்து அக்லூஜிலும் விளைகிறது. ஃப்ராடெல்லி நிறுவனத்தார் அதிலிருந்து ஒயின் தயாரிக்கிறார்கள். வாயில் கனக்காத மெல்லிய உடல்வாகு வேண்டுமானால், வடமேற்கு ஸ்பெயினின் பியெர்சோ பகுதியில் விளையும் மென்சியா திராட்சையின் ஒயின் இருக்கிறது. ஸ்பெயினின் இன்னொரு சிவப்பு ஒயினான பிரியொராத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதன் ஆல்கஹால் அளவு அதிகம். மிளகாய்க் காரத்தோடு சேர்ந்தால் வாய் எரியும். மிளகு மட்டும் போட்டு வறுத்த ஆட்டுக்கறியோடு, கிரியான்சாவே போதும்.

கேள்வி: சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்கிறார்களே, சென்னை வீட்டுக்கு அது பொருந்துமா?
- வாசகர், அண்ணா நகர்

பதில்: பொருந்தாது. அந்த ‘அறை’ ஐரோப்பாவின் குளிர்ந்த அறை. ரியோஹா போன்றவற்றுக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் ஏற்றது; நம் வீட்டுக் கூடத்திலோ சாதாரண நாளிலேயே 30 டிகிரி இருக்கும். பரிமாறுவதற்கு முன் ஒன்றரை மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். எனக்கு அன்பளிப்பாக வந்த நல்ல ரெசெர்வா ஒன்றை, அக்னி நட்சத்திரம் முழுவதும் கூடத்து அலமாரியிலேயே நான் விட்டுவைத்தேன். திறந்தபோது தக்கை சற்று வெளியே தள்ளியிருந்தது. செர்ரி வாசனை போய், வேகவைத்த பேரீச்சம்பழ வாடைதான் எஞ்சியிருந்தது. அன்றிலிருந்து, உடனே குடிக்காத புட்டி எதுவானாலும் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் படுக்கவைத்துவிடுகிறேன். திறந்த பிறகு மிஞ்சியதையும் இறுக மூடி அங்கேயே வைத்து, இரண்டு மூன்று நாட்களுக்குள் முடித்துவிடுங்கள்.